அவசரம்: பிரீ அம்ப் தேவை

காலை ஏழு மணி இருக்கும். குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. மீன்காரர் என்று நினைத்துச் சட்டியோடு போனேன்.

மூன்று பேர் நின்றார்கள். ஒருவரிடமும் மீன் இல்லை. முதலாமவரின் சைக்கிள் கரியரில் கோயில் திருவிழாவில் சத்தத்தைப் பெருக்க வைக்கிற அளவில் ஓர் அம்ப், கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது. இரண்டாமவர் உரப்பைக்குள் எதையோ சுமந்துகொண்டு நின்றார். பையின் வாயால் வயர்கள் எட்டிப் பார்த்தன. மூன்றாமவர் ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார். போட்டிகளில் கையில் பிடித்துக் கத்துகிற ஒலிபெருக்கியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"நீங்கள்தானே பிள்ளை கேட்டிருந்தனீங்கள்?" என்றார் வாத்தியார். "பழசெண்டாலும் பரவாயில்லை எண்டு போட்டிருந்தியள். இது கொஞ்சம் கரகரக்கும். ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை."

நான் தேடியது கரகரக்காத ஒன்றை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெயிலுக்கு முன்னம் என்று விடியவே மிதித்து வந்த மனிதர்களிடம் எப்படிச் சொல்வது?

"உள்ள வாங்கோ சேர். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன்.

மதியத்துக்குள் ஏழு அம்ப் வந்து சேர்ந்துவிட்டன. விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. ஒன்றுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. ஒன்றுக்கு மூடியே இல்லை. வயலால் வந்த இவர், அதாவது என் கணவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னப்பா, ஆருக்குக் கலியாணம்?"

போனை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் முதல் நாள் பின்னேரம் நான் போட்ட செய்தியை இவர் சத்தமாக வாசித்தார். "அவசரம். பிரீ அம்ப் தேவை. பழசு என்றாலும் பரவாயில்லை. இருப்பவர்கள் அறியத்தரவும்."

இன்னொரு தரம் வாசித்தார். இந்த முறை 'பிரீ' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இனாமா அம்ப் தாங்கோ எண்டு ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறீர்."

பிறகு படியில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு நானும் சிரித்தேன்.

காது மந்தமான மைக்

இந்த அம்ப் ஊர்வலத்துக்குக் காரணம் ஒரு மைக்.

பாரிசில் ஒரு மண்டபத்தில் துப்புரவு வேலை செய்கிற என் தம்பி, அங்கே கழித்துவிட்ட மைக் ஒன்றை வருடப் பிறப்புப் பார்சலில் போட்டு அனுப்பியிருந்தான். சொக்லேற், சோப், அதற்கு நடுவே துவாயால் சுற்றிய மைக். கையில் எடுத்தால் நல்ல பாரம். ஆள் தரமானவர்தான், ஆனால் காது மந்தம். முகத்துக்கு நேரே பேசினால்தான் அவருக்குக் கேட்கும், அதுவும் பாதிதான்.

"அக்கா, அந்த ரக மைக் அப்பிடித்தான்" என்று தம்பி போனில் விளங்கப்படுத்தினான். "அது பிடிக்கிற சத்தம் சரியான சின்னன். கொம்பியூட்டருக்குப் போக முந்தி அதை ஒருக்கா உயர்த்திக் குடுக்கவேணும். அதுக்குத்தான் பிரீ அம்ப்."

பெரிய அம்புக்கு முந்தி வேலை செய்கிற சின்ன அம்ப் என்று நான் விளங்கிக்கொண்டேன். முந்தி என்ற பொருளில் வருகிற 'பிரீ'. தமிழ் எழுத்தில் முந்தியதும் இனாமும் ஒன்றாகிவிடும் என்பதை எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

மகள் புதியது வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகம் போனபோது அவளுடைய பழைய மடிக்கணினி எனக்கு வந்தது. மைக்கையும் கணினியையும் இணைக்க மலிவான சவுண்ட் காட் ஒன்று வாங்கினேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. என் குரலைப் பதிந்து பார்த்தேன். அருமையாக இருந்தது. நான் முன்பள்ளி ஆசிரியை. முப்பது பிள்ளைகளை ஒரு சொல்லில் இருத்துகிற குரல். எனக்கு மைக்கே தேவையில்லை என்பார் இவர்.

ஆனால் பதிய வேண்டியது என் குரலை அல்ல. மலரின் குரலை.

ஊர்க் குரல்

மலர் பக்கத்து வளவுக்காரி. மலையகத்திலிருந்து வந்து ஒட்டுசுட்டான் பக்கம் குடியேறிய குடும்பம். கலியாணம் கட்டி அக்கராயனுக்கு வந்தவள். வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் பேச்சில் 'ங்க' போகவில்லை, குரலும் ஏறவில்லை. மூன்றடிக்கு அப்பால் நிற்பவருக்கு அவளுடைய உதடு அசைவதுதான் தெரியும்.

கேட்டால் ஒரு நியாயம் வைத்திருப்பாள். "காட்டோரம் வளர்ந்தோம்கா. சத்தம் போட்டா நாம எங்க இருக்கோம்னு யானைக்குத் தெரிஞ்சிடும்."

அக்கராயனில் யானைக்கு வேலையில்லை. ஆனாலும் அவள் குரல் அப்படியே இருந்துவிட்டது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் அவள் எழுந்து ஏதாவது சொன்னால் தலைவர் காதில் கையை வைத்து என்னைப் பார்ப்பார். பக்கத்திலிருக்கிற நான் எழுந்து, "மலர் என்ன சொல்லுறா எண்டால்" என்று தொடங்கிச் சபைக்கு அறிவிப்பேன். அது எழுதப்படாத ஒரு பதவி. எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்கவில்லை.

சந்தியில் இன்றைக்கு எரிகிற லைட் அப்படி வந்ததுதான். ஊருக்கு ஒரேயொரு தெருவிளக்கு கிடைத்தது. அதை எங்கே போடுவது என்று சங்கத்தில் பெரிய இழுபறி. மலர் எழுந்து ஏதோ சொன்னாள். நான் எழுந்து, "சந்தியில லைட்டைப் போடச் சொல்லுறா. நல்ல யோசினை" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். லைட் சந்திக்குப் போனது. அந்த மாதமே இவர் வாய்க்கால் மதகடி இருட்டில் சைக்கிளோடு விழுந்து முழங்காலில் ஏழு தையல் போட்டது வேறு கதை.

மலர் கொப்பியில் கதை எழுதுவாள். அவளுடைய பகிடிகள் எல்லாம் எழுத்தில்தான் வரும். அவளுடைய கலியாணத்துக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்த யானையைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். வாசித்துவிட்டு நான் குசினியில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

லண்டனிலிருந்து இணைய வானொலி நடத்துகிற ஓர் அம்மா, ஊர்க்கதைகளைப் பதிந்து அனுப்பச் சொல்லி அறிவித்திருந்தார். பெண்கள் எழுதிய பத்துக் கதைகள், ஒரு தொடர். நான் மலரின் கதையைப் போனில் படமெடுத்து அனுப்பினேன். உடனே பிடித்துக்கொண்டார். "நான் வாசித்து அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். "எழுதியவரே வாசிக்க வேண்டும்" என்று பதில் வந்தது. எனக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. மலருக்கு முகம் வெளிறியது.

"நான் பேசினா யாருக்குக்கா கேட்கும்?" என்றாள். ஆனால் அன்றைக்குப் பின்னேரமே கொப்பியோடு வந்து நின்றாள். அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நெல்லுக்கு நடுவே

வீட்டில் அமைதியான இடம் தேடினோம். அறைக்குள் சுவரில் பட்டுக் குரல் திரும்பி வந்தது. அலுமாரிக்குள் தலையை விட்டு வாசித்துப் பார்த்தாள், மூச்சு முட்டியது. கடைசியில் கண்டுபிடித்தது நெல் அறை. நாலு பக்கமும் மூட்டை, நடுவில் ஒரு கதிரை. கைதட்டினாலும் சத்தம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இலட்சக் கணக்கில் செலவழித்துக் கட்டுகிற ஒலிப்பதிவுக் கூடம் எங்கள் விதைநெல்லுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்திருக்கிறது. ஒரே குறை, மேலே தகரக் கூரை. பகலில் அதற்குள் இருப்பவர் அவிந்துபோவார். காற்றாடி போட முடியாது, அதன் சத்தம் மைக்கில் விழும்.

மலர் வியர்க்க வியர்க்க வாசித்தாள். நான் சவுண்ட் காட்டின் திருகை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். அப்போதுதான் அவள் குரல் எழும்பியது. அவள் குரலோடு 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சலும் எழும்பியது. மலிவு விலைப் பெட்டிகளின் வழக்கம் அதுதான். குரலை உயர்த்தச் சொன்னால் தன்னுடைய சத்தத்தையும் சேர்த்து உயர்த்தும். பரவாயில்லை என்று அனுப்பினோம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. "கதை அருமை. உங்கள் பக்கம் மழையோ? மழை விட்டதும் இன்னொரு முறை பதிந்து அனுப்புங்கள்."

அப்போது குளத்துக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. புழுதி விதைப்பு முடித்துவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். மழை என்ற சொல்லைக் கேட்டதும் இவர் ஓடி வந்து, "எங்கையாம் மழை?" என்று கேட்டார்.

திரும்பவும் பதிந்தோம். போர்வை தொங்கவிட்டோம், மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனோம். திரும்பவும் பதில். "இன்னும் மழை விடவில்லையா? குரல் கேட்கிறது, ஆனால் ஒவ்வொரு வசனத்திலும் கடைசிச் சொல் மழைக்குள் போய்விடுகிறது. இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால் சேர்க்கலாம். பிறகு தொடர் முடிந்துவிடும்."

மலர் அதை என் போனில் வாசித்தாள். போனைத் திருப்பித் தந்தாள்.

"இந்தத் தடவையும் திரும்பி வந்தா, இனி என்னைக் கேட்காதீங்கக்கா."

நான் சுவரில் கலண்டரைப் பார்த்தேன். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

பிரீ அம்ப் தேடிய படலம்

முதலில் கிளிநொச்சி. அங்கே கடைக்காரப் பிள்ளை காட்டியதெல்லாம் சத்தத்தைப் பெருக்குகிற சாமான். "அக்கா, இதைப் போட்டால் பரந்தன் மட்டுக்கும் கேட்கும்" என்றான். எனக்கு லண்டன் வரைக்கும் கேட்க வேண்டும், ஆனால் மெதுவாக. அவனுக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் பஸ் எடுத்து வவுனியா. அங்கே ஒரு கடையில் உண்மையான பிரீ அம்ப் இருந்தது. கறுப்பு நிறம், உள்ளங்கை அகலம், ஒரேயொரு திருகு. கடைக்காரர் ஹெட்போனை என் காதில் மாட்டி, தூரத்தில் நின்று மைக்கில் முணுமுணுத்தார். அவர் முணுமுணுப்பு எனக்குள்ளேயே கேட்டது. பின்னால் ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு விலையைக் கேட்டேன். ஓர் ஏக்கருக்குப் பசளை போடலாம். ஹெட்போனைக் கழற்றி, அந்தச் சாமானைக் குழந்தையைக் கிடத்துவது போல மேசையில் கிடத்திவிட்டு வந்தேன்.

வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 'மைக் பூஸ்டர்' என்று எழுதியிருந்த ஒரு மலிவுப் பெட்டியை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது கரோக்கிப் பெட்டி. மலர் வாசித்த ஒவ்வொரு சொல்லும் நாலு தரம் திரும்பி வந்தது. "யானை... னை... னை..." எதிரொலியை நிறுத்தும் பொத்தானை அமத்தினால் பெட்டியே நின்றுவிடும். மலர் சிரித்துச் சிரித்து மூட்டையில் சாய்ந்தாள். நானும்தான். ஆனால் ஒரு நாள் போய்விட்டது.

இணையத்தில் தேடினேன். மலிவானதாகத் தெரிந்தவை எல்லாம் வந்து சேர ஒரு மாதம் என்றன. தம்பிக்குப் போன் அடித்தேன். "பழசு பார் அக்கா. பழைய சாமான்களுக்குள்ள நல்ல பிரீ அம்ப் கிடக்கும்" என்றான். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டேன். அதன் பலனாகத்தான் விறாந்தை நிறைந்தது.

எட்டாவது ஆள்

இவர் சிரித்து முடித்துச் சாப்பிட்டு எழும்பிய நேரம், பழைய சாரத்தால் சுற்றிய ஒரு பெட்டியோடு யோகண்ணை வந்தார். ஸ்கந்தபுரம் பக்கம் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். வாய் முழுக்க வெற்றிலை.

"பிரீ எண்டு கேட்டிருந்தீங்கள். இதைக் காசுக்கு ஒருத்தரும் வாங்காயினம்" என்றார்.

சாரத்தை விரித்தால் பழைய கசெற் டெக். பெல்ற் அறுந்து பாட்டு ஓடாது. யாரும் திருத்துவதில்லை என்று பரணில் கிடந்ததாம். நான் பெருமூச்சு விட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கத் திரும்பினேன். அப்போதுதான் அதன் முகத்தில் கீழ்ப்பக்கம் இரண்டு ஓட்டைகளைக் கண்டேன். மேலே சின்னதாக மைக் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"யோகண்ணை, இதுக்கு மைக் குடுக்கலாமோ?"

"முந்திக் கசெற்றில குரல் பதிய வைச்சவங்கள். நான் ஒரு நாளும் பாவிக்கேல்லை. பாட்டுப் போடத்தான் வாங்கினனான்."

அங்கேயே நான் தரையில் இருந்துவிட்டேன். மைக்கைச் செருகிக் கசெற்றில் குரல் பதிகிற பெட்டி என்றால், அதற்குள் மைக்கின் சின்னச் சத்தத்தை உயர்த்துகிற ஒன்று இருந்தேயாக வேண்டும். பிரீ அம்ப். அதுவும் ஒரு நாளும் பாவிக்காதது. பாட்டு ஓடாவிட்டால் எங்களுக்கு என்ன? ஓடத் தேவையே இல்லை.

டெக்கை நெல் அறைக்குத் தூக்கிப்போய் மைக்கைச் செருகினோம். பின்னாலிருந்து சிவப்பு, வெள்ளை வயர்களை எடுத்துச் சவுண்ட் காட்டுக்குக் கொடுத்தோம். டெக்கின் லைட் எரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பதிகிற பொத்தானை அமத்தினால்தான் மைக்குக்கு வழி திறக்கும் என்றார் யோகண்ணை. அமத்தினேன். பொத்தான் கல்லாக நின்றது. இவரும் வந்து அமத்திப் பார்த்தார். "இறுகிப்போச்சு" என்று எண்ணெய்ப் போத்தலை எடுக்கப் போனார்.

"எண்ணெய் விடாதையுங்கோ தம்பி" என்று யோகண்ணை தடுத்தார். "உள்ள கசெற் இல்லாட்டி அது இறங்காது."

சட்டைப் பையிலிருந்து ஒரு கசெற்றை எடுத்துப் போட்டார். அப்போதும் இறங்கவில்லை. அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். நல்ல பாட்டுக்கு மேல் யாரும் தெரியாமல் பதிந்துவிடக் கூடாது என்று கசெற்றின் முதுகிலிருக்கும் சின்னப் பல்லை உடைத்துவிடுவது வழக்கம். பல் உடைந்த கசெற் என்றால் பெட்டி பதிய விடாது. யோகண்ணையின் கசெற் அத்தனைக்கும் பல் இல்லை.

"பிளாஸ்ரர் இருக்கோ?" என்று கேட்டார்.

இவரின் முழங்காலுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது. ஒரு துண்டு கிழித்து, பல் இருந்த பள்ளத்துக்கு மேலே ஒட்டிக் கசெற்றைத் திரும்பப் போட்டார். பொத்தான் 'டக்' என்று இறங்கியது. பெல்ற் இல்லாததால் கசெற் சுற்றவில்லை. நான் ஹெட்போனை மாட்டினேன். முதலில் 'ம்ம்' என்று ஓர் உறுமல் இருந்தது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் அதுவும் நின்றது. காதுக்குள் நெல் அறையின் அமைதி மட்டும் இருந்தது. கரப்பான் ஒன்று மூட்டையில் ஊர்ந்தது கூடக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கடைசிச் சொல்

மலரைக் கூப்பிட்டேன். கதிரையில் இருத்தினேன். நான் வாசலில், கதவுக்கு வெளியே, ஹெட்போனோடு.

"ஏதாவது சொல்லு. சும்மா. பாப்பம்."

மலர் மைக்கைப் பார்த்து, அவளுடைய வழக்கமான குரலில், ஓர் இம்மி கூட உயர்த்தாமல் பேசினாள்.

"ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்கா. அன்னிக்கு நான் கூட்டத்துல சொன்னது, 'சந்தியில லைட் போட வேணாங்க, மதகடியில போடுங்க'ன்னு. நீங்க சந்தியில போடச் சொல்லிட்டீங்க. எல்லாரும் கைதட்டிட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

நான் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

'வேணாங்க' எனக்குக் கேட்டிருக்கவில்லை. 'மதகடி'யும் கேட்டிருக்கவில்லை. 'சந்தியில லைட் போட' என்ற தொடக்கம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. விட்டுப்போன மிச்சத்தை நானே ஒட்டிக்கொண்டேன். நம் தமிழில் ஆம் என்பதும் இல்லை என்பதும் கடைசியில்தானே வருகிறது. மலரின் குரல் விழுவதும் அங்கேதான். பதினைந்து வருடமாக அவளுக்காக நான் பேசியிருக்கிறேன். அதில் எத்தனை 'வேணா'த்தை 'வேணும்' ஆக்கினேனோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். திருகை முழுதாகத் திருப்பி, அவள் சொன்னதோடு என் சத்தத்தையும் சேர்த்து ஊருக்குக் கொடுத்திருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது. அவள் குரல் எவ்வளவு அழகு என்று முதல் முறையாகக் கேட்டேன். அதில் ஒரு சிரிப்பு எந்த நேரமும் ஒளிந்திருந்தது. அது மூன்றடி தாண்டி ஒரு நாளும் வந்ததில்லை.

"என்னவாம்?" என்று கேட்டார் இவர். சொன்னேன். இவர் சாரத்தைக் கொஞ்சம் தூக்கி, முழங்கால் தழும்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியாமல் நடந்ததுதானேப்பா" என்றேன்.

"ஓம் ஓம். ஏழு தையலும் தெரியாமல்தான் போட்டவங்கள்."

பதிவு

அடுத்த நாள் பின்னேரம் பதியத் தொடங்கினோம். அதுதான் மாதக் கடைசிக்கு முதல் நாள். இவரை முற்றத்துக்கு அனுப்பி, என்ன நடந்தாலும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்டேன். கோழிகளைக் கூட்டில் அடைத்தோம். மயில்களை ஒன்றும் செய்ய முடியவில்லை, அவையாகப் பார்த்து அடங்கின.

மலர் வாசித்தாள். கலியாணத்துக்கு முதல் நாள், படலையில் கட்டிய இரண்டு குலை வாழையையும் யானை தின்ற கதை. கட்டின கயிற்றை மட்டும் மிச்சம் விட்டுப் போனதும், மாப்பிள்ளை வீட்டார் வந்து வெறுங்கயிற்றைப் பார்த்து முழித்ததும். ஒவ்வொரு வசனமும் கடைசிச் சொல்வரை என் காதுக்கு வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஏழாம் பக்கத்தில் தகரத்தில் ஒரு துளி விழுந்தது. பிறகு நாலு. பிறகு படபடவென்று.

எனக்கு உயிரே போனது. இந்த நேரத்திலா? "நிப்பாட்டு" என்று கத்த வாயெடுத்தேன். மலர் தலை நிமிராமல் இடது கையை மட்டும் உயர்த்தினாள், பஸ்ஸை மறிப்பது போல. நான் கத்தவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நான் அடங்கிய சந்தர்ப்பம் குறைவு.

அவள் குரலை உயர்த்தவில்லை. மைக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போனாள், அவ்வளவுதான். மழை மேலே இரைந்தது, கீழே அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். யன்னலால் பார்த்தேன். முற்றத்தின் நடுவில் இவர் நின்றார். புழுதி விதைப்புக்கு வந்த முதல் மழை. இரண்டு கையையும் விரித்து, தலையை அண்ணாந்து, தொப்பலாக நனைந்து, வாயைத் திறந்து ஒரு சத்தமும் இல்லாமல் கூவிக்கொண்டிருந்தார். கட்டளை அப்படி.

"எங்க கல்யாணத்துக்கு முதல்ல வந்து, வயிறாரச் சாப்பிட்டுப் போன விருந்தாளி அதுதான்" என்று மலர் கதையை முடித்தாள். நான் பதிவை நிறுத்தியதும் முற்றத்திலிருந்து ஒரு கூக்குரல் வந்தது பாருங்கள், கூட்டுக்குள் கோழியெல்லாம் கத்தின.

மழை விடவில்லை. இரவும் பெய்தது, விடியவும் பெய்தது. திரும்பப் பதிய வழியில்லை. தகரத்துக்கு என்ன பிரீ அம்ப் போடுவது? உள்ளதை அனுப்பினோம்.

அன்று பின்னேரம் மலர் எங்கள் குசினியில் இருந்தபோது பதில் வந்தது. "குரல் மிகச் சுத்தம். ஒரு சொல் கூடத் தவறவில்லை. கதையைச் சேர்த்துவிட்டோம். கடைசிப் பக்கத்தில் திரும்பவும் அந்த மழை இரைச்சல் வருகிறது. அந்தப் பகுதியை வெட்டிவிடவா?"

பழக்கதோசத்தில் பதில் அனுப்பப் போனைத் தூக்கினேன். மலர் கையை நீட்டினாள். நான் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அவள் போனில் குரல் பதிகிற பொத்தானை அமத்தினாள்.

"இது நெஜ மழைங்க. வெட்ட வேணாங்க" என்றாள்.

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் நின்ற எனக்கு, ஹெட்போன் இல்லாமலே, அந்த 'வேணாங்க' கேட்டது.